ஜிம் படிக்கட்டு வரைக்கும் போயிட்டு திரும்பி வாறவங்களுக்கு

டீச்சர்கிட்ட கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் முட்டுவலி பத்தி எழுதினதுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஒரே இருப்புல உக்காந்து வாசிச்சேன். ஊரு வேற, வயசு வேற, ஆனா பாதிக்கு மேல ஒரே சங்கதிதான், ஜிம்முக்கு பைசா கட்டியாச்சு, உள்ள போக பேடியா இருக்கு. அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்திருக்கேன். பேரு போட வேண்டாம்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க, போடல.

கேள்வி: டீச்சர், எனக்கு 29 வயசு, மார்த்தாண்டம் பக்கம், ஒரு லேப்ல வேலை பாக்கேன். ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வெயிட் 84 கிலோ ஆயிட்டுது, சுகர் பார்டர்ல நிக்குது, டாக்டர் எக்சர்சைஸ் பண்ணியே ஆகணும்னு சொல்லிட்டாரு. மூணு மாசத்துக்கு ஜிம்முல பணம் கட்டினேன். முதல் நாள் போனா எல்லாரும் கண்ணாடி முன்னாடி வெயிட் தூக்கிட்டு நிக்காங்க, எனக்கு எந்த மெஷின்ல எந்த பக்கம் பாத்து உக்காரணும்னுகூட தெரியல, டிரெட்மில்லுல பத்து நிமிஷம் நடந்துட்டு வந்துட்டேன். ரெண்டாவது நாள் படிக்கட்டு ஏறும்போதே மேல பாட்டுச் சத்தமும் வெயிட்டை கீழ போடுற சத்தமும் கேட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கையெல்லாம் வேர்த்துது, அப்படியே திரும்பிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட போயிட்டு வந்தேன்னு சொல்லிட்டு அந்த ஒரு மணி நேரமும் ஸ்கூட்டியை பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திட்டு சும்மா உக்காந்திருக்கேன். மூணு வாரமா இப்படித்தான். தெரிஞ்சவங்க பாத்துட்டா சர்ச்சுல பேசுவாங்களேன்னும் இருக்கு. எனக்கு மனசுல ஏதாவது கோளாறு இருக்கா டீச்சர்?

பதில்: மக்ளே, முதல்ல அந்த ஸ்கூட்டி விஷயத்தை பேசிருவோம். மூணு வாரமா நீ வேலையும் முடிச்சு, ரெண்டு பிள்ளைகளையும் ஒருத்தர்கிட்ட ஏல்பிச்சு, ஷூ மாட்டிட்டு நேரத்துக்கு வீட்டை விட்டு இறங்கியிருக்க. செய்ய மனசு இல்லாதவ வீட்டுலயேல்லா இருந்திருப்பா. உனக்கு கோளாறு ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கு ராத்திரியே உள்ளதை சொல்லிரு. பயம் ஒரு பாரம், அதை ஒளிச்சு வெக்கிறது இன்னொரு பாரம், ரெண்டையும் சுமந்துட்டு படிக்கட்டு ஏறினா யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது.

நான் 30 வருஷத்துக்கு மேல பி.டி. டீச்சரா இருந்தவ, விசில் ஊதி ஐநூறு பிள்ளைகளை வரிசையில நிறுத்தினவ. 48-வது வயசுல ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து முட்டு போச்சு, தொடைச் சதையை பலப்படுத்தினா மட்டும்தான் முட்டு நிக்கும்னு டாக்டர் சொன்னதால நாகர்கோவில்ல ஒரு ஜிம்முக்கு போனேன். அங்க காலை நீட்டி தூக்குற மெஷின்ல என்னமோ தப்பா உக்காந்துட்டேன், பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. என்னைப் பாத்துத்தான் சிரிச்சாங்களா, அவங்க பேச்சுக்கு சிரிச்சாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஆனா நான் ரெண்டு வாரம் அந்த தெருப்பக்கமே போகல. கிரவுண்டுல எனக்கு பயமே வந்ததில்ல, ஏன்னா அங்க எல்லாமே எனக்கு பழக்கம். ஜிம்முல ஒரு சாமானுக்குகூட எனக்கு பேரு தெரியல. அந்த ரெண்டு வாரத்துல எனக்கு புரிஞ்சது இதுதான், என் உடம்புலயோ தைரியத்துலயோ குறையில்ல, நான் அந்த இடத்துக்கு புதுசு, அவ்வளவுதான். புதுப் பெண்ணு மாமியார் வீட்டு அடுக்களையில உப்பு எங்க இருக்குன்னு தெரியாம நிக்கிற நிலைமை மாதிரி, நாலு நாள் போனா டப்பா எங்கன்னு கை தானா போகும்.

இந்த பதட்டத்துக்கு சைக்காலஜியில பேரே இருக்கு. அடுத்தவங்க நம்ம உடம்பை பாத்து எடை போடுறாங்கன்னு நினைக்கும்போது வாற பதட்டத்தை அளக்கிறதுக்குன்னே 1989-ல அமெரிக்காவுல மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணினாங்க, சோஷியல் ஃபிசிக் ஆங்சைட்டின்னு அந்த பதட்டத்துக்கு பேரு. அளக்க ஒரு கோலு செய்யுற அளவுக்கு அது பல பேருக்கு இருக்குதுன்னுதானே அர்த்தம், அதனால இது உனக்கு மட்டும் வந்ததுன்னு நினைக்காத.

எல்லாரும் பாக்காங்கன்னு தோணுது பாரு, அதையும் சோதிச்சு பாத்திருக்காங்க. கார்னெல் யுனிவர்சிட்டியில தாமஸ் கிலோவிச்சும் அவர்கூட உள்ளவங்களும் 2000-ல வெளியிட்ட ஆராய்ச்சி அது. காலேஜ் பிள்ளைங்களுக்கு, போட்டா வெக்கமா இருக்கும்ங்கிற மாதிரி ஒரு பாட்டுக்காரர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மத்த பிள்ளைங்க சில பேர் உக்காந்திருந்த ரூமுக்குள்ள அனுப்பினாங்க. வெளிய வந்ததும் எத்தனை பேர் உன் சட்டையை கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர்னு சொன்னாங்க. உள்ள இருந்தவங்ககிட்ட விசாரிச்சா கால்வாசிப் பேருக்குத்தான் அது யாரு படம்னே தெரிஞ்சிருக்கு. நம்ம மனசு போடுற கணக்கு உள்ளதுல ரெண்டு மடங்கா இருக்குது. ஆனா மக்ளே, அந்த கால்வாசிப் பேர் பாத்தாங்கதான், அதை நான் மறைக்க மாட்டேன். மார்த்தாண்டத்துல ஒருத்தரும் பாக்க மாட்டாங்கன்னு நான் எழுதினா அது பொய், நம்ம ஊருல ஒரு பொண்ணு புதுசா ஒரு படிக்கட்டு ஏறினா கீழ சாயாக்கடையில இருக்கவங்க தலையை தூக்கி பாக்கத்தான் செய்வாங்க. பாத்துட்டு என்ன செய்வாங்க, சாயாவை குடிப்பாங்க. ஒரு மாசம் கழிச்சு நீ ஏறலேன்னாத்தான் என்னாச்சுன்னு கேப்பாங்க. சர்ச்சுல பேசுவாங்கன்னு சொன்னீல்லா, பேசட்டும், அதுல ரெண்டு பேராவது அடுத்த வாரம் உன்கிட்ட தனியா வந்து எவ்வளவு பைசா, லேடீஸுக்கு தனி நேரம் உண்டான்னு கேப்பாங்க, நான் இதை பல தடவை பாத்திருக்கேன்.

நம்ம மாவட்டத்துல சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் பாத்திருப்ப. முன்சிறை திருமலையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோயில், கையில விசிறியோட கோவிந்தா கோபாலான்னு விளிச்சுட்டு ராவும் பகலும் ஓட்டமும் நடையுமா போவாங்க. தொந்தி உள்ளவரும் போவாரு, ஒல்லியானவரும் போவாரு, ரோட்டோரம் நிக்கிற யாரும் அவங்க வயித்தை பாக்கிறதில்ல, எதுக்கு போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ல்லா. முதல் தடவை போறவன் வழி தெரிஞ்ச ஒருத்தர்கூட சேந்துதான் போவான், தனியா போகமாட்டான். நீயும் அதைத்தான் செய்யணும், வழி தெரிஞ்ச ஒரு ஆளை பிடி. ஜிம் மாஸ்டரா இருக்கலாம், உன் லேப்ல கூட வேலை பாக்குற பிள்ளையா இருக்கலாம், வீட்டுக்காரரே முதல் ரெண்டு நாள் கூட வந்து ஓரமா உக்காந்திருந்தாலும் சரி.

இனி எப்படி போகணும்னு சொல்லுகேன். நீ வேலைக்கு போறவ, ஆனாலும் ஒரு வாரத்துக்கு மட்டும் மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு போக முடியுமான்னு பாரு, இல்லேன்னா லீவு நாள்ல பகல் 11 மணிக்கு மேல. காலையில 6 மணியும் சாயங்காலம் 6 மணியும்தான் ஜிம்முல திருவிழாக்கூட்டம், நடு மத்தியானம் ஃபேன் சத்தம்தான் கேக்கும். முதல் நாள் எக்சர்சைஸே பண்ண வேண்டாம். உள்ள போ, தண்ணி எங்க பிடிக்கணும், பாத்ரூம் எங்க, ஷூவை எங்க வெக்கணும்னு பாரு, மாஸ்டர்கிட்ட பேரை சொல்லு, சொல்லிட்டு இந்த ஒரு வாக்கியத்தை கேளு: "நான் புதுசு, எனக்கு ரெண்டே ரெண்டு மெஷின் மட்டும் ஒழுங்கா சொல்லித் தாங்க." வீட்டுலயே வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகிட்டு போ, அந்த நேரத்துல நாக்கு ஒட்டிக்கும். ரெண்டு மெஷினுக்கு மேல அவரே காட்டினாலும் வேண்டாம்னு சொல்லு. காலால தள்ளுற லெக் பிரஸ் ஒண்ணு, மேல இருந்து கம்பியை கீழ இழுக்குற லாட் புல்டவுன் ஒண்ணு, ரெண்டுமே உக்காந்துட்டு செய்யுறது, கீழ விழுந்துருவோமேங்கிற பயம் வேண்டாம். லேசான வெயிட்டுல பத்துப் பன்னிரண்டு தடவை, ரெண்டு செட்டு, நடுவுல ஒரு நிமிஷம் மூச்சு விடு. அப்புறம் டிரெட்மில்லுல 15 நிமிஷம் நடை. ஓடுற டிரெட்மில்லுல ஏறக்கூடாது, நின்ன பிறகு ஏறி, அந்த சிவப்பு கிளிப்பை சட்டையில மாட்டிட்டு, மணிக்கு 3 கிலோமீட்டர்ல தொடங்கு. கால் தவறினா அந்த கிளிப்பு இழுபட்டு பெல்ட் தானா நின்னுரும், நிறைய பேருக்கு அது எதுக்குன்னே தெரியாம தொங்கவிட்டு வெச்சிருக்காங்க. சுடிதார் டாப்ஸ் போட்டுட்டு போகலாம், இறுக்கமா ஒண்ணும் போட வேண்டியதில்ல, ஆனா ஷாலை மட்டும் லாக்கர்ல வெச்சிரு, டிரெட்மில் பெல்ட்டுலயோ கேபிள்லயோ சிக்கினா ஆபத்து.

எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொல்லுகேன் கேட்டியா. நெஞ்சு படபடன்னு வரும்போது உடனே இறங்கி ஓடினா உடனே சுகமா இருக்கும், அந்த சுகம்தான் உன்னை கெடுக்குது. ஓடிவந்ததாலதான் தப்பிச்சோம்னு மனசு படிச்சுக்கும், அடுத்த தடவை இன்னும் ரெண்டு படி கீழேயே பயம் தொடங்கும். உனக்கு அப்படித்தானே ஆச்சு, முதல் நாள் உள்ள வரைக்கும் போனவ ரெண்டாம் நாள் படிக்கட்டுலயே திரும்பிட்ட, இப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். அதுக்கு மாத்து, பயம் உச்சத்துல இருக்கும்போது கிளம்பக்கூடாது. படிக்கட்டுல நிக்கணும்னாலும் அங்கனயே நில்லு, அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ, கொஞ்சமா இறங்கினதும் வேணும்னா வீட்டுக்கு வா, அது தோல்வி இல்ல. பயம் மேல மேல ஏறிட்டே போகாது, கடல் அலை மாதிரி ஏறி நின்னு இறங்கத்தான் செய்யும். சின்ன நோட்டுல போறதுக்கு முன்னாடி பத்துக்கு எத்தனை பயம், வந்த பிறகு எத்தனைன்னு ரெண்டு நம்பர் மட்டும் எழுது. மூணாவது வாரம் அதை நீயே வாசிச்சுப் பாத்துட்டு எனக்கு எழுது, நான் காத்துட்டு இருப்பேன்.

ரெண்டு நாள் கழிச்சு தொடை வலிக்கும், டாய்லெட்டுல உக்காந்து எழும்ப கஷ்டமா இருக்கும், பயப்படாத. சிவாலய ஓட்டம் முடிஞ்சு ஸ்கூலுக்கு வாற என் பையங்க எல்லாம் ரெண்டு நாளைக்கு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாங்க, அதே வலிதான், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்கு போயி தானா அடங்கிரும். வலி தாங்கவே முடியாம சதை வீங்கி யூரின் கட்டஞ்சாயா நிறத்துல போனா மட்டும் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு போ, அது சதை சிதைஞ்சு கிட்னியை பாதிக்குற நிலைமை.

இன்னொண்ணையும் இதோட கலந்துரக்கூடாது. யாராவது போன்ல உன்னை வீடியோ எடுத்தாலோ, மாஸ்டர் கேக்காம தொட்டாலோ, உடம்பைப் பத்தி கமெண்ட் அடிச்சாலோ, அதுக்கு வாற கோபமும் கலக்கமும் நியாயமானது, அதை தாங்கிப் பழக வேண்டிய அவசியமே இல்ல. ஓனர்கிட்ட சொல்லு, சரியாகலேன்னா வேற ஜிம் பாரு, மிரட்டல் அளவுக்கு போனா 181-க்கு கூப்பிடு, பெண்களுக்கான ஹெல்ப்லைன் அது.

கேள்வி: பூதப்பாண்டி பக்கம் இருந்து எழுதுகேன், ரிட்டயர்டு ஆள், 58 வயசு. பிரஷர் கொஞ்சம் உண்டு. ஆறு மாசம் முன்னாடி ஜிம்முல டிரெட்மில்லுல நடக்கும்போது திடீர்னு நெஞ்சு அடிப்பு கூடி, மூச்சு முட்டி, இப்ப செத்துருவேன்னு தோணி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனாங்க. ஈசிஜி, எக்கோ, டிஎம்டி எல்லாம் எடுத்து ஹார்ட் நல்லா இருக்கு, அது பதட்டத்துல வந்தது, தாராளமா எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா இப்ப மாடிப்படி ஏறி நெஞ்சு வேகமா அடிச்சாலே பயம் வந்து உக்காந்துருகேன். நாடி பிடிச்சு பாக்குறதே வேலையா போச்சு. என்ன செய்யலாம்?

பதில்: சார், நீங்க அனுபவிச்சது லேசானது இல்ல, செத்துருவோம்னு ஒரு தடவை நம்பின மனுஷன் அந்த மெஷினை பாத்தாலே நடுங்கத்தான் செய்வாரு. ஆனா ஒரு விஷயத்தை நீங்க கவனிக்கல, டிஎம்டி டெஸ்டே டிரெட்மில்தான். டாக்டர் பக்கத்துல நிக்க, நெஞ்சுல வயரை ஒட்டி, வேகத்தையும் ஏத்தத்தையும் கூட்டிக்கூட்டி உங்க ஹார்ட்டை ஓட விட்டுத்தான் பாத்தாங்க, அது தாங்கிச்சு. நீங்க பயப்படுற அதே காரியத்துல உங்க ஹார்ட் பாஸாகியிருக்கு.

பயந்தாலும் அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஊறும், எக்சர்சைஸ் செய்தாலும் ஊறும். ரெண்டுலயும் அடிப்பு கூடும், வேர்க்கும், மூச்சு வாங்கும், கை லேசா நடுங்கும். உடம்பு செய்யுற வேலை ஒண்ணுதான், நாமதான் ஒண்ணுக்கு ஆபத்துன்னு பேரு வெக்கிறோம். அந்த பேரு வெச்ச உடனே பயத்துல இன்னும் கொஞ்சம் அட்ரினலின், அதுல இன்னும் அடிப்பு, அதைப் பாத்து இன்னும் பயம், செக்கு மாதிரி சுத்திட்டே இருக்கும். நாடி பிடிச்சு பாக்குறது அந்த செக்குக்கு மாடு கட்டுற வேலை சார், அதை முதல்ல குறைங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோங்க.

கணக்கு வேணும்னு நினைக்கிற ஆளு நீங்கன்னு லெட்டரை பாத்தாலே தெரியுது. 220-ல வயசை கழிச்சா உச்ச அடிப்பு ஏறக்குறைய வரும், உங்களுக்கு 162. மிதமான எக்சர்சைஸ்னா அதுல 64 சதவீதத்துல இருந்து 76 வரைக்கும், அதாவது நிமிஷத்துக்கு 104-ல இருந்து 123 வரை அடிக்கிறது சாதாரணம், அடிக்கணும்னுதானே நடக்குறோம். ஆனா பிரஷருக்கு நீங்க சாப்பிடுறது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையா இருந்தா இந்த கணக்கு பொருந்தாது, அது அடிப்பை குறைச்சு வெக்கும், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அதை விட எளிசா ஒரு வழி, நடக்கும்போது பக்கத்துல உள்ளவர்கிட்ட பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது, அந்த அளவு சரி.

இனி பழக்கம். டாக்டர்கிட்ட ஒரு தடவை இதைச் சொல்லி சம்மதம் வாங்கிட்டு, வீட்டுல பத்து படிக்கட்டு ஏறி இறங்குங்க, நெஞ்சு அடிக்கட்டும், நாற்காலியில உக்காந்து ஒண்ணும் செய்யாம அது இறங்குறதை பாத்துட்டே இருங்க. தண்ணி குடிக்கிறது, விசிறுறது, மனைவியை கூப்பிடுறது ஒண்ணும் வேண்டாம். தினமும் ரெண்டு தடவை, ஒரு வாரம். அடிப்பு ஏறினா தானா இறங்கும்ங்கிறதை நான் எழுதி உங்களுக்கு தெரிய வேண்டாம், உங்க நெஞ்சே உங்களுக்கு காட்டணும். அதுக்குப் பிறகு ஜிம்முக்கு போங்க. டிரெட்மில்லுல இருந்து சட்டுன்னு இறங்காதீங்க, கடைசி அஞ்சு நிமிஷம் பையப் பைய வேகத்தை குறைச்சு நடந்துட்டு இறங்குங்க, சட்டுன்னு நின்னா ரத்தம் காலுலயே தங்கி தலை சுத்தும், உங்களுக்கு அதுவே போதும் பழைய பயம் வர. வெயிட் தூக்கும்போது மூச்சை அடக்காதீங்க, பிரஷர் உள்ளவங்களுக்கு அது ரொம்ப முக்கியம், தூக்கும்போது மூச்சை வெளிய விடணும்.

நெஞ்சு நடுவுல கல்லை வெச்ச மாதிரி அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுறது, குளிர்ந்து வேர்க்கிறது, மயக்கம், இதெல்லாம் வந்தா பயமா ஹார்ட்டான்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம், 108-க்கு கூப்பிடுங்க. டெஸ்ட்டு ஆறு மாசம் முன்னாடி எடுத்தது, அதை நம்பி இந்த அறிகுறியை ஒதுக்கக்கூடாது. இவ்வளவும் செய்தும் பயம் குறையலேன்னா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநல டாக்டரை பாருங்க, போக தயக்கமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு 2022-ல தொடங்கின அரசாங்க சேவை, தமிழ்லயே பேசலாம், பைசா கிடையாது. பல்லு வலிக்கு பல் டாக்டரை பாக்குறோம்லா சார், அதே மாதிரிதான்.

கேள்வி: குளச்சல், 19 வயசு, காலேஜ் படிக்கேன். 50 கிலோதான் இருக்கேன். ஜிம்முல எல்லாரும் பெரிய பெரிய பாடியா இருக்காங்க, நான் சும்மா கம்பியை மட்டும் தூக்குறதை பாத்து சீனியர் ஒருத்தன் நக்கல் பண்ணுறான். பவுடர், ஊசின்னு ஏதாவது எடுத்தா சீக்கிரம் வருமா டீச்சர்?

பதில்: தம்பி, ஊசியை தொடவே தொடாத. இது கெஞ்சிக் கேக்குறது. ஸ்டீராய்டு ஊசி லிவரையும் ஹார்ட்டையும் பாதிக்கும், 19 வயசுல உன் உடம்பு தானா சுரக்கிற ஹார்மோனையே நிறுத்திப்போடும். பவுடர்ங்கிறது காசு கொடுத்து வாங்குற புரதம், வேற மாயம் ஒண்ணும் அதுல இல்ல. உன் ஊருல கரைக்கு வாற சாளையும் நெத்திலியும் அதே புரதம்தான், ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு, பயறும் கஞ்சியும் சாப்பிடு, மரச்சீனியோட மீனு கூட்டு, மட்டிப்பழம் ரெண்டு. மூணு நேரத்தை நாலு நேரமாக்கு.

சும்மா கம்பின்னு எழுதியிருக்க, ஜிம்முல உள்ள அந்த பெரிய நீளக் கம்பி 20 கிலோ தம்பி, உன் எடையில அஞ்சுல ரெண்டு பங்கு. பத்மநாபபுரம் அரண்மனையில ஒரு உருண்டைக் கல்லு காட்டுவாங்க, 38 கிலோன்னும் அதை தலைக்கு மேல 101 தடவை தூக்கினவனைத்தான் படையில சேத்தாங்கன்னும் சொல்லுவாங்க. அந்த 101 தடவை தூக்கினவனும் ஒரு நாள் ஒரு தடவை மட்டும் தூக்கினவன்தானே. வாரத்துக்கு மூணு நாள் போ, பத்து தடவை ஒழுங்கா தூக்க முடிஞ்ச பிறகு மட்டும் ஒண்ணே கால் கிலோ தட்டு ரெண்டு பக்கமும் ஏத்து, தேதி போட்டு எழுதி வை. அந்த சீனியர்கிட்ட போயி "அண்ணே, என் முதுகு நேரா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க"ன்னு கேளு. நக்கல் பண்ணுற பையங்கள்ல பாதிப் பேர், சொல்லித்தரச் சொன்னா உடனே மாஸ்டர் ஆயிருவாங்க, என் கிரவுண்டு அனுபவம் அது. அப்படியும் திருந்தலேன்னா நேரத்தை மாத்து, அவனுக்காக ஜிம்மை விடாத.

கேள்வி: ஜிம்மே வேண்டாம், சொத்தவிளை பீச்சுல தினமும் நடந்தா போதாதா டீச்சர்? எனக்கு 45 வயசு.

பதில்: நடை ரொம்ப நல்லது, விட்டுராதீங்க அக்கா. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுக்கு நடை போதும். ஆனா அதோடகூட வாரத்துல ரெண்டு நாள் சதையை பலப்படுத்துற பயிற்சியும் வேணும்னு சொல்லியிருக்கு, 45-க்கு மேல பெண்களுக்கு எலும்பு தேயுற காலம், அதை ஒதுக்க முடியாது. ஜிம்முக்கு போக மனசில்லேன்னா வீட்டுலயே நாற்காலியில இருந்து கையை ஊணாம பத்து தடவை எழும்பி உக்காருங்க, சுவத்துல கை வெச்சு தள்ளுங்க, 5 லிட்டர் தண்ணி கேனை தூக்கி இறக்குங்க, அது 5 கிலோ. மணல்ல நடக்கும்போது ஈரமா இறுகின இடத்துல நடங்க, பொதபொதன்னு உள்ள மணல்ல தினமும் நடந்தா குதிகால் நரம்பு இழுத்துக்கும். அலை பக்கம் ரொம்ப போக வேண்டாம்.

கேள்வி: தக்கலை பக்கம் சின்னதா ஜிம் நடத்துகேன் டீச்சர். பெண்கள் பணம் கட்டுறாங்க, ரெண்டு மூணு நாள்ல நின்னுருறாங்க. நான் ஒண்ணும் தப்பா நடந்துக்கல. என்ன குறை?

பதில்: தம்பி, நீங்க கேட்டதே எனக்கு ரொம்ப சந்தோஷம், பணம் வந்தாச்சு இனி யார் வந்தா என்னன்னு நினைக்கிறவங்கதான் நிறைய. மேல மார்த்தாண்டத்துப் பிள்ளை எழுதினதை ரெண்டு தடவை வாசிங்க, உங்க கேள்விக்கு பதிலே அதுதான். அவளை யாரும் ஒண்ணும் சொல்லல, யாரும் ஒண்ணும் சொல்லாததுதான் குறை. ஒவ்வொரு மெஷின்லயும் அதோட பேரையும், எந்த பக்கம் பாத்து உக்காரணும்னும், எந்த சதைக்குன்னும் பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி ஒட்டுங்க. புதுசா வாறவங்களுக்கு முதல் மூணு நாள் நீங்களோ ஒரு பெண் டிரெயினரோ கூடவே நில்லுங்க. தொட்டு சரி பண்ண வேண்டியிருந்தா முதல்ல கேளுங்க, வாயால சொல்லியே பாதி சரி பண்ணிரலாம். உள்ள போன்ல வீடியோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு வெச்சா மட்டும் போதாது, எடுக்கிறவனை அன்னைக்கே வெளிய அனுப்புங்க. எடை மெஷினை எல்லாரும் பாக்குற நடு ஹால்ல வெக்காதீங்க, ஒரு ஓரத்துல திரைக்கு பின்னாடி வைங்க. ரெண்டு நாள் வராதவங்களுக்கு "ஏன் வரல"ன்னு கேக்காம "நாளைக்கு வந்தா மெஷின் ஃப்ரீயா இருக்கும்"னு ஒரு மெசேஜ் போடுங்க. மத்தியானம் பாட்டை குறைச்சு வைங்க. படிக்கட்டுல யாராவது ஏறி பாதியில நிக்கிறது தெரிஞ்சா, மேல இருந்து கூப்பிடாம, கீழ இறங்கி வந்து கூட்டிட்டு போங்க.